நடு இன்ஜின் டொயோட்டா மறுபடி வருமா?

2025 ஜனவரியில் டோக்கியோ ஆட்டோ சலோனில் டொயோட்டா காட்டிய ஜிஆர் யாரிஸ் எம் கான்செப்ட்டைப் பார்த்ததும் டொயோட்டாவின் பழைய நடு இன்ஜின் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஆர்2வின் பிரியர்களுக்கு உயிர் வந்தது. இன்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால். 2 லிட்டர் டர்போ. நான்கு சக்கரங்களுக்கும் விசை.

ஆசையும் பயமும் ஒரே இடத்தில்தான். கனமான இன்ஜின் வண்டியின் மையத்துக்குப் பக்கத்தில் இருந்தால் வண்டி சட்டெனத் திரும்பும். வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரைப் படக்கென்று விட்டால், பாரம் முன்னே சாய்ந்து பின் டயர் பிடி இழக்கும். அதே சட்டென்ற குணத்தால் வண்டி சுழன்றுவிடும், ஸ்டீயரிங்கில் சரிசெய்ய நேரமே இருக்காது. இரண்டாம் தலைமுறை எம்ஆர்2 இதில்தான் பெயரைக் கெடுத்துக்கொண்டது. பிறகு டொயோட்டா சஸ்பென்ஷன் அமைப்பை மாற்றி, முன்னே 195, பின்னே 225 மி.மீ. அகல டயர் போட்டுத்தான் அடக்கியது. புதிய எம்ஆர்2 வந்து, அதில் முன் சக்கரங்களும் இழுத்தால் இந்தக் கோபம் குறையும் என்று நம்புகிறோம்.

ஆனால் எடை? 1999இல் வந்த மூன்றாம் தலைமுறை சுமார் 1,000 கிலோதான். முன் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல், அதுவரை விசையைக் கொண்டுபோகும் நீளமான ஷாஃப்ட் எல்லாம் சேர்ந்தால் அந்த லேசு போய்விடும்.

இன்னொன்று கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். ரேடியேட்டர் முன்னே, இன்ஜின் பின்னே. நடுவில் வண்டிக்கு அடியில் நீண்ட குழாய்கள். கூலன்ட் மாற்றும்போது குழாயில் சிக்கிய காற்றை முழுசாக வெளியேற்றாவிட்டால் இன்ஜின் சூடேறி, அதன் மேல்பகுதியைக் கசியாமல் மூடும் ஹெட் கேஸ்கெட் போய்விடலாம். காற்று வெளியேற்றும் திருகுகளைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள், டொயோட்டா!