கீழ்ப்பாக்கத்தில் தொடங்கிய 19 பேரின் பயணம்

சினிமாவை நம்பாத இசைக்குழு ஒன்று சென்னையில் எத்தனை காலம் தாக்குப்பிடிக்கும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவையே நான் எடுத்துக்காட்டுவேன். உடனே, அந்தக் குழு கலைந்துவிட்டதல்லவா என்று கேட்பார்கள். உறுப்பினர்கள் தனித்தனியே புகழ்பெற்றதைக் கலைந்துபோனதாகக் கருத எனக்கு மனம் ஒப்பவில்லை.

குரங்கன் என்ற இசைக்குழுவிலிருந்த டென்மாவும் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் சேர்ந்து 19 பேரைக் கொண்டு உருவாக்கிய இக்குழு, தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற அடையாளம் என்ற கருத்திலிருந்து பெயரைப் பெற்றது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் நடந்த முதல் நிகழ்ச்சியில், கிட்டாரும் டிரம்ஸும் ஒலித்த அதே மேடையில் பறை, சட்டி, கட்ட மோளம் ஆகிய தோல் கருவிகளும் ஒலித்தன. கானாவும் ராப்பும் மாறி மாறி வந்தன.

இவற்றை ஒன்றுசேர்ப்பது எளிய வேலையன்று. கிட்டார் கம்பியைத் திருகிச் சுருதி சேர்த்துவிடலாம். பறையின் தோலையோ தீயில் காட்டித்தான் முறுக்கேற்ற வேண்டும். சூடு ஆறி, கடற்காற்றின் ஈரம் ஏற ஏற அந்த ஒலி தளர்ந்துகொண்டே போகும். வடசென்னையின் சாவு வீடுகளில் விடிய விடியப் பாடப்பட்டு வளர்ந்த கானாவில், பாடுபவர் வரியை நீட்டுவதும் சட்டென முடிப்பதும் அவருடைய மூச்சைப் பொறுத்தது. டிரம்ஸின் தாளக் கணக்கோ அப்படி வளைந்துகொடுக்காது. ராக் இசைக்கு நடுவே கானாவை ஊறுகாய்போல் தொட்டுக்கொள்ளாமல், இரண்டும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து நிற்கும்படி அமைத்ததே இக்குழுவின் பெரிய சாதனை என்பேன்.

அந்த மேடையில் நின்றவர்கள் பிறகு வெகுதூரம் சென்றார்கள். ஆண்களின் குரலாகவே பெரிதும் அறியப்பட்டிருந்த கானாவில் தனக்கென ஓர் இடம் பிடித்த இசைவாணி, 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். ராப் பாடகர் அறிவு 2019இல் 'தெருக்குரல்' பாடல் தொகுப்பையும், 2021இல் பாடகி தீயுடன் சேர்ந்து 'என்ஜாய் எஞ்சாமி'யையும் தந்தார். டென்மா திரைப்படங்களுக்கு இசையமைக்கத் தொடங்கி, 2022இல் 'நட்சத்திரம் நகர்கிறது' படத்துக்கும் இசையமைத்தார். சினிமா இவர்களை விழுங்கிவிட்டது என்று சிலர் வருந்துகிறார்கள். தங்கள் மொழியையும் அரசியலையும் மேடையிலேயே உறுதிசெய்துகொண்ட பிறகுதான் இவர்கள் அங்கே போனார்கள் என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

எனக்கு உள்ள ஆதங்கம் வேறு. பாடகர்களின் பெயர்கள் ஊரறியப் பரவிய அளவுக்குத் தோல் கருவிகளை வாசித்தவர்களின் பெயர்கள் பரவவில்லை. 2020 முதல் நீலம் நடத்திவரும் 'மார்கழியில் மக்களிசை' போன்ற மேடைகளைப் பற்றி எழுதுபவர்களாவது, பாடியவர் யார் என்பதோடு பறையும் சட்டியும் கட்ட மோளமும் வாசித்தவர் யார் என்பதையும் கேட்டறிந்து எழுத வேண்டும் என்று விரும்புகிறேன்.