எந்த இன்ஜின் நல்லது, அண்ணாச்சி?

பழைய ஃபிஷிங் போட் வாங்க வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது கம்பெனிப் பெயரைத்தான். கேட்டர்பில்லரா, கம்மின்ஸா, யான்மாரா, வால்வோவா? மும்பை மஸ்காவ் பக்கம் மரைன் டீசல் வேலையிலேயே தலை நரைத்தவன் நான். இந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்வதில்லை. முதலில் படகைக் காட்டுங்கள் என்பேன்.

ஃபிஷிங் போட் என்றதும் சசூன் டாக் மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கிற டிராலரை, அதாவது வலை இழுக்கும் படகை, நினைத்துவிட வேண்டாம். நான் சொல்வது தூண்டில் போட்டு மயில்மீன், சூரை, வஞ்சிரம் பிடிக்கப் போகும் விளையாட்டுப் படகு. அமெரிக்காவில் பெர்ட்ராம், ஹாட்டராஸ் போன்றவர்கள் கட்டிப் பெயர் வாங்கிய வகை. பின்தளம் தாழ்வாக இருக்கும், மேலே நின்று ஓட்ட ஒரு தட்டு, அடியில் ஜோடி டீசல் இன்ஜின். காலையில் இருபத்தைந்து நாட் வேகத்தில் ஆழக்கடலுக்கு ஓடும். நாள் முழுக்க ஏழு நாட்டில் ஊர்ந்தபடி தூண்டிலை இழுக்கும். சாயங்காலம் திரும்ப ஒரே ஓட்டம். டிராலர் இன்ஜினுக்கு வேலை நேரம் அதிகம், ஆனால் நிதானமான வேலை. இதற்கு நேரம் குறைவு, அடி அதிகம்.

கம்மின்ஸின் 5.9 லிட்டர் பிளாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாம்ஷெட்பூரில் தயாராகி டாடா லாரியில் ஏறியபோது 130 குதிரைத்திறனில் நிம்மதியாக ஓடியது. அதே பிளாக் படகுக்கு வரும்போது, காற்றைத் திணிக்கும் டர்போவோடு, அந்தக் காற்றைக் கடல் தண்ணீரால் குளிர்விக்கும் ஆஃப்டர்கூலரும் மாட்டி 370 வரைக்கும் பிழிந்தார்கள். லாரிக்காவது நாசிக் ரோட்டில் கசாரா காட் என்கிற மலையேற்றம் ஏறி முடித்தால் அப்புறம் சமதரை வரும். வேகப் படகுக்கு எப்போதும் காட் ஏற்றம்தான். அதனால் நான் முதலில் பார்ப்பது, இத்தனை லிட்டர் இன்ஜினில் எத்தனை குதிரைத்திறன் எடுக்கிறார்கள், அது எவ்வளவு எடையுள்ள படகைத் தள்ளுகிறது என்பதைத்தான். 31 அடிப் படகில் சுகமாக இருக்கும் இன்ஜின், கனத்த 38 அடிப் படகில் மூச்சு வாங்கும்.

கேட்டர்பில்லர் 3208-ம் அப்படித்தான். டர்போ இல்லாத 210 குதிரைத்திறன் வகை மாடு மாதிரி உழைக்கும். அதே வி8-ஐ டர்போவும் கூலரும் போட்டு 375, 425 என்று ஏற்றியவை அந்த அளவு தாங்குவதில்லை. அதில் சிலிண்டருக்குள் மாற்றிப் போடக்கூடிய தனி உறையான லைனரும் கிடையாது, பிளாக்கிலேயே துளை. தேய்ந்துபோனால் இன்ஜினை வெளியே எடுத்துத் துளையைக் கடைய வேண்டும். டெட்ராய்ட் டூ-ஸ்ட்ரோக் பெரிய பரம்பரை. 71 வரிசை 1938-ல் வந்தது, இரண்டாம் உலகப் போரில் தரையிறங்கு படகுகளில் ஓடியது. பின்னால் வந்த 92 வரிசையில் சக்தியைக் கூட்டினார்கள், ஒரு தடவை சூடேறினால் மன்னிக்காது. அதோடு, தூண்டில் வேகத்தில் அது விடும் புகையும் போடும் கூச்சலும் பின்தளத்தில் நாள் முழுக்க நிற்கிறவனுக்குத்தான் தெரியும்.

கம்ப்யூட்டர் வைத்த காமன்ரெயில் இன்ஜின்கள் சத்தம், புகை இரண்டிலும் தங்கமானவை. ஆனால் உப்புக்காற்றில் அதன் வயரிங் பச்சை பூத்துவிட்டால், லேப்டாப்போடு ஆள் வரும்வரை படகு நகராது. பழைய மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின் என்றால் பழக்கமான கை ஒன்றும் ஒரு ஸ்பேனர் செட்டும் போதும். மும்பைக்கு என் ஓட்டு இன்றும் ஆறு சிலிண்டர் மெக்கானிக்கல் இன்ஜினுக்குத்தான். பிஸ்டன், பேரிங் மாதிரி உள்சாமான்கள் பலவற்றுக்கு லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலேயே வழி பிறக்கும். கடல் தண்ணீர் பம்ப், கூலர், மானிஃபோல்ட் ஆகியவைதான் மரைனுக்கே உரியவை. சிக்கலும் அங்கேதான்.

படகு இன்ஜின் பெரும்பாலும் உள்ளிருந்து சாவதில்லை, அதைக் குளிர்விக்க வரும் உப்புத்தண்ணீர்தான் கொல்லும். மும்பையில் இதற்குத் தோதாக மழைக்காலம் வேறு. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. விளையாட்டுப் படகுகளும் மே கடைசியில் கரையேறினால் செப்டம்பரில்தான் இறங்கும். அத்தனை நாளும் கூலருக்குள் தேங்கிய உப்புத்தண்ணீர் சும்மா இருக்குமா? புழுக்கத்தில் டீசல் டேங்கிலும் தண்ணீர் கோத்து, அடியில் கறுப்பாகக் கொழகொழவென்று பாசி மாதிரி அழுக்கு கட்டும். "வெறும் 400 மணி நேரம்தான் ஓடியிருக்கு" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், பத்து வருஷத்தில் 400 மணி நேரமா என்று எனக்குக் கவலைதான் வரும்.

செம்பூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். பூர்வீகம் நம்ம நெல்லைப் பக்கம், சொந்தமாகச் சின்னத் தொழில். கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு எதிரே மிதவையில் கட்டியிருந்த ஒரு படகில் அவருக்கு ஆசை. டிங்கியில் போய் ஏறியதும் இன்ஜின் பிளாக்கில் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. பேட்டரி சார்ஜ் ஆக ஓடவிட்டேன் என்றார் படகோட்டும் தாண்டேல். இருக்கலாம். ஆனால் சூடேறிய இன்ஜினில் குளிர் ஸ்டார்ட்டின் குணம் தெரியாது.

"நாளைக்கு விடியுமுன்னே வருவோம் தம்பி. அதுவரைக்கும் சாவி போடக் கூடாதுன்னு சொல்லிடுங்க" என்றேன்.

"இதுக்குப் போயா அண்ணாச்சி? பெயிண்ட்டெல்லாம் புதுசா அடிச்சிருக்காங்களே."

புதுப் பெயிண்ட்தான் எனக்குச் சந்தேகமே. கசிவின் தடத்தை மூட அதைவிட மலிவான மருந்து கிடையாது.

மறுநாள் இடது இன்ஜின் உடனே பிடித்தது. வலது இன்ஜின் வெகு நேரம் சுற்றி, பிடித்த பிறகும் வெள்ளைப் புகை விட்டது. வெள்ளை என்றால் எரியாத டீசல் அல்லது தண்ணீர், நீலம் என்றால் ஆயில், கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது சுமை அதிகம். சூடேறியும் வெள்ளை நிற்கவில்லை என்றால் தள்ளிப்போட முடியாது. அன்றைக்கு நிற்கவில்லை.

டேங்க் நிறைய டீசலோடு வெளியே போய் முழு த்ராட்டில் கொடுத்தோம். இன்ஜினின் பெயர்த்தகட்டில் போட்டிருந்த முழு வேகம் 2800 ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு 2800 சுற்று. மேலே மீட்டர் இரண்டும் 2800 காட்டின. கீழே கிராங்க் புல்லியில் ஒளிரும் டேப் ஒட்டி லேசர் டேக்கோமீட்டரில் பார்த்தால் இடது சரி, வலது 2560. அடிப்பாகத்தில் சிப்பி ஒட்டியிருந்தாலும் இப்படி ஆகும், ஆனால் அது இரண்டு பக்கத்தையும் இழுக்கும். புரொபெல்லர் பெரிதாக இருந்தாலும் ஆகும். அதன் இறக்கைச் சாய்வான பிட்ச்சை ஒரு அங்குலம் குறைத்தால் சுமார் 150 முதல் 200 ஆர்பிஎம் ஏறும். முழு வேகத்தை எட்டாமல் வருஷக்கணக்கில் ஓடிய டீசல் உள்ளுக்குள் வெந்துகொண்டே இருந்தது என்று அர்த்தம்.

எனக்கு உறுத்தியது வேறு. ஜோடி இன்ஜின் இரண்டும் ஒரே வார்ப்பு. அதனால் ஒன்றில் நடுவழியைப் பார்த்திருக்கும் ஆஃப்டர்கூலர், இன்னொன்றில் படகின் சுவரை ஒட்டிக் கை நுழையாத இடத்தில் போய்விடும். கை போகாத இடத்தில் சர்வீஸ் நடக்காது. இந்தப் படகில் அந்தப் பாவம் வலது இன்ஜின்.

கழற்றிப் பார்க்க விற்பவர் ஒப்புக்கொள்ளச் சில நாள் பிடித்தது. குப்புறப் படுத்து, கண்ணாடியில் பார்த்து போல்ட்டை எடுத்தோம். மூடி வரவில்லை. தட்டித் தட்டி வந்தபோது உள்ளே அலுமினியம் வெள்ளை மாவாகப் பொங்கியிருந்தது. கூலரின் உள்பாகமான கோர் அதன் உறையோடு ஒட்டிப்போய், அசைத்தால் அசையவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்து, கழுவி, அழுத்தம் கொடுத்துச் சோதித்து, கிரீஸ் தடவி மாட்ட வேண்டிய சாமான் அது. ஓரிங் என்கிற ரப்பர் வளையத்தில் கசிந்தால் உப்புத்தண்ணீர் நேரே காற்றுவழியில் இறங்கும், அங்கிருந்து வால்வு, சிலிண்டர். லேபுக்கு அனுப்பிய ஆயில் சாம்பிளிலும் வலது இன்ஜினில் உப்புத்தண்ணீரின் தடமான சோடியம் தூக்கலாக வந்தது. இடதில் இல்லை.

"அப்ப வேண்டாம்னு சொல்றீங்களா?"

"வலது இன்ஜினை ஹெட் திறந்து பார்க்கிற செலவு, ரெண்டு கூலருக்கும் ஆகிற செலவு எல்லாத்தையும் விலையில கழிக்கச் சொல்லுங்க. ஒத்துக்கிட்டா நல்ல படகுதான். இன்ஜினை வெளியே எடுக்க தளத்துல மூடியும் வச்சிருக்கான், வெட்ட வேண்டியதில்ல."

விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை. தம்பிக்கு மனசு கேட்கவில்லை, இரண்டு முறை போன் செய்தார். நான் பிடிகொடுக்கவில்லை. பிறகு அதைவிட அழகு குறைந்த, அதே பிளாக்கில் 270 குதிரைத்திறன் இன்ஜின்கள் கொண்ட படகு ஒன்றை வாங்கினார். வேகம் சில நாட் குறைவு. கூலர் சர்வீஸ் செய்த தேதிகள் எண்ணெய்க்கறை படிந்த ஒரு நோட்டில் வரிசையாக எழுதியிருந்தன. விலை பேசும்போது அந்த நோட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.