பேட்டி எடுக்கப் போய் நானே பேசிவிட்டு வந்த கதை

என் முதல் நேர்காணலின் ஒலிப்பதிவு 41 நிமிடம். அதைத் தட்டச்சு செய்து முடித்ததும், நான் பேசிய சொற்கள் எத்தனை, எதிரே இருந்தவர் பேசியவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். புள்ளியியல் படித்தவளுக்கு எதையாவது எண்ணாவிட்டால் தூக்கம் வராது. என் பங்கு பாதியைத் தாண்டியிருந்தது. அவருடைய அனுபவத்தைக் கேட்கப் போனவள், என் கருத்தையெல்லாம் கொட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது நேர்காணல் என்ற எண்ணமே என்னிடம் இல்லை. இரவுப் பணியில் இருக்கும் நர்ஸ்கள் எப்போது டாக்டரை எழுப்புகிறார்கள், எப்போது "இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்று காத்திருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. அதற்கு ஒரு வினாத்தாள், ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து விடைகள், 400 பேர், கடைசியில் எதோடு எது சேர்ந்து மாறுகிறது என்று காட்டும் ஒரு ரிக்ரஷன் கணக்கு. எல்லாம் தயார். இரண்டாவது சந்திப்பில் என் கைடு அந்த வினாத்தாளைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "இந்த அஞ்சு ஆப்ஷனையும் யார் முடிவு பண்ணது?"

"நான்தான் சார்."

"அப்போ உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சதைத்தான் அவங்க டிக் அடிச்சுத் தருவாங்க. உங்களுக்குத் தெரியாதது இதுல எங்க வரும்?"

பதில் இல்லை. எண்களை விட்டு, ஆட்களின் பேச்சையும் அனுபவத்தையும் ஆராயும் பண்புசார் ஆய்வுக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை, இப்படித்தான் தள்ளிவிடப்பட்டேன்.

முதல் மூன்று மாதம் வாசிப்பில் போனது. ஆன்டாலஜி (எது இருக்கிறது என்ற கேள்வி), எபிஸ்டமாலஜி (அதை எப்படி அறிகிறோம் என்ற கேள்வி) என்ற இரண்டு சொற்களையும் ஒவ்வொரு முறையும் மறந்து, மறுபடி தேடிப் படித்தேன். 1967இல் கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் முன்வைத்த, தரவிலிருந்தே கோட்பாட்டைக் கட்டும் கிரவுண்டட் தியரி என்னை இழுத்தது. மருத்துவமனைகளில் இறக்கும் தறுவாயில் இருப்பவர்களை ஆராய்ந்தபோது அவர்கள் உருவாக்கிக்கொண்ட முறை அது, என் களமும் மருத்துவமனை. ஆனால் உள்ளே போனால் அது பங்காளிச் சண்டை நடக்கும் வீடு. 1990இல் ஸ்ட்ராஸ், கார்பினோடு சேர்ந்து படிப்படியான வழிமுறையை வெளியிட்டார். இது தரவைக் கட்டாயப்படுத்தி வளைக்கும் வேலை என்று கிளேசர் 1992இல் எதிர்ப்புப் புத்தகமே போட்டார். தரவு எங்கோ காத்துக் கிடப்பதில்லை, ஆய்வாளரும் சேர்ந்தே அதை உருவாக்குகிறார் என்று சார்மாஸ் மூன்றாவதாக ஒரு வாசல் திறந்தார். எந்த வாசலில் நுழைவது என்று தெரியாமல் பல வாரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பிரானும் கிளார்க்கும் 2006இல் எழுதிய தீமாட்டிக் அனாலிசிஸை, அதாவது பேச்சுகளுக்குப் பொதுவாக ஓடும் கருத்திழைகளை (தீம்களை) கண்டு எழுதும் முறையை, தேர்ந்தெடுத்தேன். ஆய்வேட்டில் அதற்கு நல்ல காரணங்கள் எழுதியிருக்கிறேன். உண்மைக் காரணம், அதில் ஆறு கட்டங்கள் வரிசையாக இருந்தன, சுலபமாகத் தெரிந்தது.

நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு விண்ணப்பம் எழுதுவது வெறும் காகித வேலை என்று நினைத்திருந்தேன். குழுவில் ஒருவர் கேட்ட ஒரே கேள்வி அந்த நினைப்பைப் போக்கியது: "நோயாளிக்குப் பாதிப்பு வந்த ஒரு தவறைப் பற்றி நர்ஸ் உங்களிடம் சொன்னால் என்ன செய்வீர்கள்?" நான் எல்லாருக்கும் முழு ரகசியம் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அப்படி வாக்குக் கொடுக்க முடியாது. எதை ரகசியமாக வைப்பேன், எந்த நிலையில் வைக்க முடியாது என்பதைத் தகவல் தாளில் தெளிவாக எழுதி, பேச்சைத் தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும். திருத்திக் கொடுத்தேன், அனுமதி கிடைத்தது.

சரி, அந்த முதல் நேர்காணலுக்கு வருகிறேன். கையில் 22 கேள்விகள். ஏழாவது கேள்வி, "ஏன் அப்பவே டாக்டரைக் கூப்பிடலை?" பதிவில் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். அதுவரை சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவர் குரல் மாறுகிறது. "ப்ரோட்டோகால்படி அரை மணிக்கு ஒரு தடவை ரீடிங் எடுத்தோம் மேடம், எல்லாம் நோட்ல இருக்கு." விசாரணைக் கமிஷனுக்குச் சொல்லும் பதில். அதற்கு அப்புறம் அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் ப்ரோட்டோகால்தான்.

இன்னொன்றும் கேட்டது. அவர் ஒரு வாக்கியத்தை முடித்து மூச்சு வாங்குவதற்குள் நான் அடுத்த கேள்விக்குப் போயிருந்தேன். மூன்று இடங்களில் அவரே "அதுல என்னன்னா..." என்று ஆரம்பிக்கிறார், நான் குறுக்கே விழுகிறேன். அந்த மூன்று "என்னன்னா"வுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது இனி தெரியாது.

22 கேள்விகள் ஆறாயின. "ஏன்" போயிற்று. "அந்த ராத்திரி நீங்க டூட்டிக்கு வந்ததுல இருந்து சொல்லுங்க" என்று ஆரம்பிக்கப் பழகினேன். மௌனம்தான் கஷ்டம். கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, எனக்குள் எண்ணிக்கொண்டு வாயை மூடியிருந்தேன். நான்காவது நேர்காணலில் ஒரு மௌனம் 11 விநாடி நீண்டது. எதிரே உட்கார்ந்திருக்கும்போது 11 விநாடி ஒரு யுகம். அதன் முடிவில் அந்த நர்ஸ் சொன்னார்: "ரீடிங் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு மேடம். ஆனா அந்த ஆளு ஆளா இல்ல."

என் வினாத்தாளின் எந்தக் கட்டத்திலும் இதற்கு இடம் இருந்திருக்காது. என் ஆய்வு அந்த வரியைச் சுற்றித்தான் பிறகு வளர்ந்தது. எண்கள் நார்மல் என்கின்றன, இவர் கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை. போனில் டாக்டரிடம் "ஆளு ஆளா இல்ல" என்றால் எடுபடாது. அப்போது இவர் என்ன செய்கிறார்?

பதிவைத் தட்டச்சு செய்ய ஒரு மணி நேரப் பேச்சுக்கு எனக்கு ஆறேழு மணி நேரம் பிடித்தது. மென்பொருளிடம் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். அது பேச்சு வழக்கைக் குதறியது ஒரு பக்கம் இருக்கட்டும், குரல் எந்த சர்வருக்குப் போகிறது என்று பங்கேற்பாளர்களுக்கு நான் சொல்லியிருக்கவில்லை. முதல் ஐந்தையாவது கையாலேயே அடிக்கச் சொன்னார் கைடு. திட்டிக்கொண்டே அடித்தேன். அடிக்கும்போதுதான், ஒருவர் "எனக்கு அன்னைக்கு பயமே இல்ல" என்று சொன்ன இடத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருப்பது காதில் விழுந்தது. அந்தச் சிரிப்பை எழுதாமல் விட்டால் அந்த வரி பெருமை. எழுதினால் அது வேறு வரி.

அடுத்தது கோடிங்: பேச்சின் ஒவ்வொரு துண்டுக்கும் "கோடு" (code) என்ற ஒரு சிறு பெயரை ஒட்டும் வேலை. முதல் மூன்று நேர்காணலுக்கே இருநூறுக்கு மேல் கோடு போட்டுக்கொண்டு போய்ப் பெருமையாகக் காட்டினேன். பணிச்சுமை, தகவல் தொடர்பு, படிநிலை, பயிற்சி. கைடு பட்டியலை மட்டும் படித்துவிட்டு, "இதுல இருந்து அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியலையே" என்றார். உண்மைதான். அந்தப் பெயர்களை எந்த மருத்துவமனை ஆய்வின் மேலும் ஒட்டலாம். எதைப் பற்றிப் பேசினார்கள் என்பதை எழுதியிருந்தேன், அதில் என்ன செய்கிறார்கள் என்பதை விட்டுவிட்டேன்.

இங்கே சார்மாஸ் சொல்லும் ஒரு யோசனை கை கொடுத்தது: கோடுகளைச் செயலாக எழுதிப் பார். தமிழில் இதற்குத் தொழிற்பெயர் எவ்வளவு வசதி என்று அப்போதுதான் உறைத்தது. "பணிச்சுமை" என்று எழுதியிருந்த இடத்தை மறுபடி படித்தேன். எழுப்பினால் திட்டு, எழுப்பாவிட்டால் பழி என்று அந்த நர்ஸ் மனதுக்குள் கூட்டிக் கழிக்கிறார். "கணக்குப் போடுதல்" ஆயிற்று. "தகவல் தொடர்பு" என்று போட்டிருந்த இடத்தில், டாக்டருக்குப் போன் செய்யும் முன் பக்கத்து வார்டு நர்ஸைக் கூப்பிட்டு நோயாளியைப் பார்க்கச் சொல்கிறார், நாளைக்கு யாராவது கேட்டால் சொல்ல ஆள் வேண்டுமே. "சாட்சி சேர்த்தல்." இருநூறும் குப்பைக்குப் போயின. முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

கோடிங்குக்கான மென்பொருள் பற்றிக் கேட்பவர்களுக்காக: என்விவோ, அட்லஸ்.டிஐ, மேக்ஸ்கியூடிஏ எல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. டாகெட், குவால்கோடர் இலவசம். நான் இரண்டு வாரம் செலவழித்து ஒன்றைக் கற்றேன். தேடவும் அடுக்கவும் உதவியது, யோசிக்கவில்லை. தீம்களைக் கட்டியது தரையில் பரப்பிய துண்டுக் காகிதங்களில்.

பழைய புத்தி போகவில்லை. கூடப் படிக்கும் தோழியிடம் இரண்டு டிரான்ஸ்கிரிப்டைக் கொடுத்துக் கோடு போடச் சொல்லி, இருவருக்கும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அளக்கும் கப்பா என்ற புள்ளியியல் எண்ணைக் கணக்கிட்டேன். முன்பே வகுத்த கோடுபுத்தகத்தை வைத்துச் செய்யும் முறைகளுக்கு அது பொருந்தும். பிரானும் கிளார்க்கும் பேசும் முறையில், இரண்டு பேர் ஒத்துப்போவது துல்லியத்துக்குச் சான்று ஆகாது. இது தெரிந்தபோது கடுப்பாக இருந்தது. ஆனால் ஒத்துப்போகாத இடம் ஒன்று உதவியது. நான் "பயம்" என்று போட்ட பத்திக்குத் தோழி "கைத்தேர்ச்சி" என்று போட்டிருந்தாள். ஒரு மணி நேரம் சண்டை. அவள் சொன்னதுதான் சரி என்று அப்போது ஒத்துக்கொள்ளவில்லை, இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

எத்தனை பேர் போதும் என்ற கேள்வி எல்லாரையும் போல என்னையும் ஆட்டியது. பலர் 12 என்பார்கள். கெஸ்ட்டும் சக ஆய்வாளர்களும் 2006இல் எழுதிய கட்டுரையிலிருந்து வருவது அது. கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களில், முதல் 12க்குள்ளேயே பெரும்பாலான கோடுகள் வந்துவிட்டன என்றார்கள். ஓரளவு ஒரே மாதிரியான குழு, எல்லாருக்கும் ஒரே மாதிரியான கேள்விகள் என்ற நிபந்தனையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். நான் 19இல் நிறுத்தினேன். புதிய விஷயம் வருவது நிற்கவில்லை. என் கேள்விக்கான விடை மாறுவது நின்றது. நேரமும் தீர்ந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

முதல் வரைவில் "ஐந்து தீம்கள் வெளிப்பட்டன" என்று எழுதியிருந்தேன். ஓரத்தில் கைடு சிவப்பு மையில் "தானாகவா?" என்று எழுதியிருந்தார்.

தானாக இல்லை. இது எனக்குப் புரியக் காரணம் என் சொந்த மெமோ நோட்டு. ஒவ்வொரு நேர்காணலுக்குப் பிறகும் அதில் ஏதாவது எழுதி வைப்பேன், பாதிப் பக்கங்கள் வெறும் புலம்பல். ஆறாவது நேர்காணல் முடிந்த இரவு ஒன்று எழுதியிருக்கிறேன். வருடங்களுக்கு முன் வீட்டில் ஒருவருக்குத் துணையாக ஒரு மருத்துவமனையில் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன். விடியற்காலையில் நிலைமை மோசமானபோது, பணியில் இருந்த நர்ஸிடம் கத்தினேன். கத்திய வார்த்தைகளும் நோட்டில் இருக்கின்றன: "ஏன் அப்பவே டாக்டரைக் கூப்பிடலை?"

அப்படியே என் ஏழாவது கேள்வி. சொல் மாறாமல்.

அதை ஆய்வேட்டின் முறையியல் அத்தியாயத்தில் எழுதுவதா என்று ஒரு வாரம் தயங்கினேன். எழுதினேன். அந்தப் பக்கத்தில் கைடு எதையும் திருத்தவில்லை.

இப்போது புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எப்போதாவது வகுப்பு எடுக்கச் சொல்கிறார்கள். அந்த 41 நிமிடத்தைப் போட்டுக் காட்டலாம், ஆனால் அந்த நர்ஸ் தன் குரலை ஆய்வுக்குத்தான் கொடுத்தார், வகுப்புக்கு அல்ல. அதனால் டிரான்ஸ்கிரிப்டில் என் வரிகளை மட்டும் வைத்து, அவருடைய வரிகளை வெற்றிடமாக விட்டு அச்சிட்டுக் கொடுக்கிறேன். எங்கெல்லாம் குறுக்கே விழுந்திருக்கிறேன் என்று குறிக்கச் சொன்னால், அவர் சொன்ன ஒரு சொல்கூடத் தெரியாமலே சரியாகக் குறித்துவிடுகிறார்கள்.