எல்எஸ் சொன்னது 200, டியு சொன்னது 31

போன மாதம் ஒரு விர்ச்சுவல் மெஷினின் ரா இமேஜை, அதாவது அந்த மென்பொருள் கணினியின் முழு டிஸ்கும் அடங்கிய ஒற்றை ஃபைலை, வேறு சர்வருக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஃபைலின் அளவைச் சொல்லும் எல்எஸ் கட்டளை போட்டால் 200 ஜிபி, அது டிஸ்கில் பிடித்த இடத்தைச் சொல்லும் டியு போட்டால் 31 ஜிபி. போய்ச் சேரும் டிஸ்கில் 120 ஜிபி காலி. 31 தானே என்று, ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க்கை ஹைஃபன் ஏ (-a) ஆப்ஷனோடு ஓடவிட்டுத் தூங்கப் போனேன்.

விடிந்ததும் திரையில் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்', டிஸ்கில் இடமில்லையாம். காலி இடத்தைக் காட்டும் டிஎஃப் அடித்தால் அதே 120 ஜிபி காலியாகவே கிடக்கிறது! ரொம்ப நேரம் குழம்பினேன். ஆர்சிங்க் முதலில் தற்காலிக ஃபைலில்தான் எழுதும். பாதியில் நின்றால் அதை அழித்துவிட்டு வெளியேறும். அதனால்தான் தடயமே இல்லை.

பட்டாவில் ஐந்து ஏக்கர், உழுதது அரை ஏக்கர் என்பதுபோலத்தான் ஸ்பார்ஸ் ஃபைல், அதாவது நடுநடுவே எழுதப்படாத ஓட்டைகள் உள்ள ஃபைல். என் இமேஜும் அப்படித்தான். எல்எஸ் பட்டாவைப் படிக்கிறது, டியு உழுத நிலத்தை அளக்கிறது. எழுதப்படாத ஓட்டைக்கு டிஸ்கில் பிளாக்கே கிடையாது. ஆனால் அதைப் படித்தால் லினக்ஸின் மையமான கர்னல் பூஜ்யங்களாகத் தரும். கையில் வந்த பூஜ்யம் யாரோ எழுதியதா, ஓட்டையிலிருந்து வந்ததா என்று காப்பி எடுக்கும் கருவிக்குத் தெரியாது. அதனால் ஆர்சிங்க் ஓட்டைகளையும் பூஜ்யங்களாகவே எழுதிக்கொண்டு போக, 120 ஜிபி போதவில்லை.

கர்னலிடமே கேட்டுக்கொள்ள வழி உண்டு. ஓட்டை எங்கே என்று சொல்லும் சீக்_ஹோல் லினக்ஸ் 3.1-இல், 2011-இல் வந்தது. நகலெடுக்கும் கட்டளையான குனு சிபி, 2021-இல் வெளியான கோர்யுட்டில்ஸ் (அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பு) 9.0 முதல் அதைப் பயன்படுத்துகிறது. மூலத்தில் ஓட்டை இருந்தால், நாம் சொல்லாமலே நகலிலும் விடும். ஆர்சிங்க்கிடம் பெரிய எஸ் (-S) ஆப்ஷன் கொடுத்தால்தான் உண்டு. அப்போதும் 200 ஜிபியையும் படித்து, பூஜ்ய வரிசைகளைக் கண்டு, அங்கே எழுதாமல் தாண்டும். சர்வர்களுக்கிடையே நகலெடுக்கும் இன்னொரு கட்டளையான எஸ்சிபியில் இதற்கு வழியே இல்லை.

சிபியில் பூஜ்ய வரிசைகளையெல்லாம் ஓட்டையாக்கும் --ஸ்பார்ஸ்=ஆல்வேஸ் பார்க்க ஆசையாக இருக்கும். டேட்டாபேஸ் ஃபைல்களுக்கு மட்டும் தயவுசெய்து வேண்டாம். இடம் பிடித்து வைக்கத்தான் சில டேட்டாபேஸ்கள் முன்கூட்டியே பூஜ்யங்களை எழுதுகின்றன. அதை ஓட்டையாக்கினால் பிடித்த இடம் போய்விடும். பிறகு டிஸ்க் நிரம்பும் நாளில், ஏற்கெனவே தன்னுடையது என்று நம்பிய இடத்தில் எழுதப் போய் அது நிற்கும். அங்கே ஓட்டையே விடாத --ஸ்பார்ஸ்=நெவர் போடுங்கள்.

மறுநாள் ஆர்சிங்க் ஹைஃபன் ஏ, பெரிய எஸ். புது சர்வரில் டியு 29 ஜிபிதான் காட்டியது. இரண்டு ஜிபி குறைந்ததும் வயிற்றைக் கலக்கியது. இரு பக்கமும் ஃபைலின் கைரேகை போன்ற ஷா256 எடுத்துப் பார்த்தேன், எழுத்துக்கு எழுத்து ஒன்றே. இமேஜுக்குள் நிஜமாகவே எழுதப்பட்டிருந்த பூஜ்யங்களும் இந்தப் பயணத்தில் ஓட்டையாகியிருந்தன.