தோசைக்கல் காயும் நேரம்

ரொம்ப நாளாக என் ஜெபம் மளிகைக்கடைச் சீட்டு மாதிரிதான் இருந்தது. மகனுக்கு வேலை, அம்மாவின் முழங்கால் வலி, வீட்டுக் கடன். வரிசையாக ஒப்பித்து, ஆமென் சொல்லி எழுந்துவிடுவேன். ஆண்டவரே, எப்படி இருக்கிறீர் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அதை மாற்றியவர் 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் வாழ்ந்த ஒருவர். கார்மேல் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் மடத்தில் இருந்த சகோதரர் லாரன்ஸ். போரில் அடிபட்டுக் கால் தாங்கித் தாங்கி நடந்த பழைய படைவீரர். மடத்தில் அவருக்குக் கொடுத்தது சமையற்கட்டு வேலை. அது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது (இது தெரிந்த பிறகுதான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது). ஆனாலும் வருடக்கணக்கில் சட்டி பானைகளுக்கு நடுவே கடவுளோடு பேசிக்கொண்டே இருந்தார். முழங்காலில் நிற்கும் நேரமும் அடுக்களை இரைச்சலும் அவருக்கு ஒன்றுதான். நினைப்பு சிதறினால் தன்னையே திட்டிக்கொண்டிருக்காமல், சும்மா திரும்பி வந்துவிடுவார்.

சரி, நாமும் பார்ப்போமே என்று தொடங்கினேன். தோசைக்கல் காயும்போது, "அப்பா, இன்னைக்கு மாவு நல்லாப் புளிச்சிருக்கு, நன்றி." முதல் நாள் எனக்கே சிரிப்பு வந்தது. நேற்று பாதிச் சமையலில் கேஸ் தீர்ந்துபோய் ஆண்டவரிடமே முறைத்துக்கொண்டேன். அதையும் ஜெபக் கணக்கில்தான் சேர்க்கிறேன். பைபிளின் சங்கீதங்களில் இல்லாத புலம்பலா?

சீட்டு இன்னும் இருக்கிறது, கடனும்தான். ஆனால் அதை எடுப்பதற்குள் பேச வேறு நிறைய வந்துவிடுகிறது. இன்று காலை அந்தப் பேச்சில் ஒரு தோசை கருகியே போச்சு.