வலசைக்கு முன் சேற்றுவெளியில்

மார்ச் 18

கடல்நீர் முழுவதும் வற்றிக் கிடக்கும் வேளையில் கரைப்பறவைகள் எங்கோ நீர்விளிம்பில் புள்ளிகளாகவே தெரியும். கடல் ஏற்றம் உச்சத்தைத் தொடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே, வெயில் முதுகில் படும்படி ஓரிடத்தில் அசையாமல் அமர்ந்துவிட்டால், ஏறிவரும் நீரே அவற்றைச் சிறிது சிறிதாக நம் பக்கம் ஒதுக்கிக் கொண்டுவரும்.

மார்ச் 30

அமாவாசையை ஒட்டிய பெரிய வற்றம் என்பதால் சேறு வெகுதொலைவு வரை வெளிப்பட்டிருந்தது. உப்புக்கொத்திகள் கண்ணை நம்புகின்றன. ஓடும், நிற்கும், அசைவு தெரிந்ததும் கொத்தும். உள்ளான்களோ தையல் ஊசியைப் போல இடைவிடாமல் அலகைச் சேற்றில் குத்திக்கொண்டே நகர்கின்றன. மூக்கன்கள் நீண்ட அலகை அடிவரை செலுத்திவிட்டு, நுனியை மட்டும் திறந்து புழுவைப் பற்றவல்லவை. அலகு நுனியில் உணர்வுநரம்புகள் செறிந்திருப்பதால், கண்ணுக்குத் தெரியாத இரைகூட அவற்றுக்குத் தப்புவதில்லை.

ஏப்ரல் 9

வளைமூக்கு உள்ளான்களின் சாம்பல் நிற மார்பில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக ஏறிவருகிறது. நிறத்தைவிட என் கவனத்தை இழுப்பது வயிறுதான். இறகுக்கடியில் கொழுப்பு சேரச்சேர வால்பக்கம் பருத்து, நடையே மாறிவிடுகிறது. நெடுந்தொலைவு பறக்கும் மூக்கன் புறப்படுமுன் தன் எடையை ஏறத்தாழ இருமடங்காக்கிக்கொள்கிறது. பறக்கும்போது சுமையாகிவிடும் இரைப்பை, குடல் ஆகியவற்றையும் சுருக்கிக்கொள்கிறது.

ஏப்ரல் 14

ஏற்றத்தின்போது மணல்திட்டில் ஒடுங்கியிருந்த கூட்டத்தை நோக்கி ஒருவர் புகைப்படக்கருவியுடன் நடந்தார். அனைத்தும் எழுந்து, வட்டமிட்டு, மீண்டும் இறங்கின. பறக்கும் கூட்டம் படத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு வற்றம் முழுதும் தின்று சேர்த்ததில் ஒரு பங்கு அந்த வட்டங்களிலேயே எரிந்துபோகிறது. கூட்டம் தலையை நிமிர்த்திப் பார்த்தாலே நாம் நெருங்கிவிட்டோம் என்று பொருள். அங்கேயே நின்றுவிட வேண்டும்.

ஏப்ரல் 26

மாலையில் ஒரு குழு ஓயாமல் குரலெழுப்பி, உயர எழும்பி, வரிசையாகி வடக்கே போனது. சில பறவைகள் பாதியில் திரும்பி வந்துவிட்டன. 2022-இல் இளம் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கி.மீ. நில்லாமல் பறந்தது. அத்தகைய இனமும் வடக்கே திரும்பும்போது, சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலுள்ள மஞ்சள் கடலின் சேற்றுவெளிகளில் இறங்கி உண்டாக வேண்டும். அவை கூடுகட்டும், பனி முழுவதும் உருகாத துந்திரா எனும் வடகோடி மரமற்ற வெளியை வெறும் வயிற்றோடு அடைந்து பயனில்லை. தென்கொரியாவின் சேமாங்கும் சேற்றுவெளியை 2006-இல் 33 கி.மீ. நீளக் கடற்சுவர் அடைத்ததை, அங்கே இளைப்பாறிய பறவைகளுக்கு நேர்ந்த பேரிழப்பாகவே கருதுகிறேன்.

மே 11

செந்நிறப் பறவைகள் இல்லை. எஞ்சியிருக்கும் சாம்பல் நிற உள்ளான்களுள் பல, சென்ற ஆண்டு பிறந்தவையாக இருக்கலாம். முதல் கோடையில் அவை பெரும்பாலும் வடக்கே போவதில்லை. ஒன்றின் காலில், ஆய்வாளர்கள் அடையாளத்துக்காக மாட்டும் கொடிவளையம் இருந்தது. எழுத்து சேறுபடிந்து மறைந்திருந்தாலும், நிறத்தையும் அது காலின் எப்பகுதியில் இருந்தது என்பதையும் குறித்துக்கொண்டேன். உலகின் எந்த வட்டாரத்தில் அதை மாட்டினார்கள் என்று அறிய அவ்வளவே பெரும்பாலும் போதும்.