பெயர்ப் பட்டியல்

ராமேஸ்வரத்தில் ஒரு தொலைக்காட்சிக்கு ஸ்ட்ரிங்கராகச் சேர்ந்தபோது எனக்கு 23 வயது. சம்பளம் கிடையாது, ஒளிபரப்பான செய்திக்கு மட்டும் காசு. கேமராவும் நான்தான், நிருபரும் நான்தான். எடுத்த கேசட்டைக் கவரில் போட்டு ஒட்டி, சாயங்காலம் சென்னைக்குக் கிளம்புகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவேன். மறுநாள் அது போய்ச் சேர்ந்ததா என்று போன் போட்டுக் கேட்கும் வரை சோறு இறங்காது.

அந்த வயதில் என் மனதில் இருந்தவர் என்டிடிவி நிருபர் பர்கா தத். 1999இல் கார்கில் போர் நடந்தபோது நான் கல்லூரி மாணவன். இந்தி தெரியாது, ஆங்கிலம் பாதிதான் புரியும். ஆனாலும் பக்கத்து வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருப்பேன். பின்னால் பீரங்கி முழங்க, இருபத்தேழு வயதுப் பெண் மைக்கோடு நின்று பேசினார். கேப்டன் விக்ரம் பத்ராவை அவர் பேட்டி எடுத்ததும், அந்த வீரர் ஜூலையில் போர்க்களத்திலேயே உயிரிழந்ததும் இன்னும் நெஞ்சில் இருக்கிறது. பர்காவின் அம்மா பிரபா தத்தும் நிருபர். 1965 போரைப் பற்றி எழுத அவரை அனுப்பப் பத்திரிகை மறுத்தபோது, லீவு போட்டுவிட்டுத் தானாகவே எல்லைக்குப் போனவர். இதைப் பின்னால் படித்தபோது, எங்கள் கரையில் வலை தைக்கும் கை பரம்பரையாக வருவது போல இதுவும் ஒரு கை என்று தோன்றியது.

அவரிடம் எனக்குப் பிடித்தது கிட்டே போகும் தைரியம். யார் அழுகிறார்களோ, யார் சுடுகிறார்களோ அவர்களுக்குப் பக்கத்தில் போய் நிற்பது. நானும் அதைத்தான் தொழில் என்று நினைத்தேன். நடுக்கடலில் படகு கவிழ்ந்தது என்று தெரிந்தால் போலீசுக்கு முன்னால் அந்த வீட்டில் இருப்பேன்.

2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு பேச்சு மாறியது. வந்தவர்கள் குஜராத் மீன்பிடிப் படகு ஒன்றைக் கடத்தி அதில் வந்தார்கள் என்பதால், எங்கள் கரையிலும் அதன் சூடு தெரிந்தது. மீனவர்களுக்கு பயோமெட்ரிக் அட்டை, கடலோரக் காவல் ஒத்திகை என்று வரிசையாக வந்தன. டெல்லியில் வேறொரு கேள்வி ஓடியது. உள்ளே சிக்கியவர்கள் எங்கே ஒளிந்திருக்கிறார்கள், கமாண்டோக்கள் எங்கே நகர்கிறார்கள் என்பதையெல்லாம் நேரலையில் காட்டலாமா? விமர்சனத்தில் பெரும்பங்கு பர்காவின் மேல் விழுந்தது. எங்கே நிற்க வேண்டும் என்ற வளையத்தை வகுத்திருக்க வேண்டியது அதிகாரிகள் என்பது அவர் பக்க விளக்கம். அவரைப் பற்றிக் கடுமையாக எழுதிய ஒரு வலைப்பதிவருக்கு என்டிடிவி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. அந்த வலைப்பதிவர் பதிவை நீக்கி மன்னிப்புக் கேட்டார். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. நாள் முழுக்க ஊரைக் கேள்வி கேட்கிற நாம், ஒரு தனி ஆள் கேட்ட கேள்வியைத் தாங்கியிருக்க வேண்டும். 2012இல் கசாப் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே, எந்தச் சேனலின் பெயரையும் சொல்லாமல், நேரலையைக் கண்டித்தது. 2015இல் அப்படிப்பட்ட நேரலைக்குத் தடை விதித்து விதியும் வந்தது.

அதையெல்லாம் படித்து மனப்பாடமாக வைத்திருந்த நானே ஒரு தப்புச் செய்தேன். ஒரு மார்கழி இரவில் விசைப்படகு ஒன்று மூழ்கி, நாலு பேரில் ஒருவரைக் காணவில்லை. மீனவர் சங்கத்துக்காரர் போனில் பெயரைச் சொன்னார். சேனலின் செய்தி டெஸ்கிலிருந்து விடாமல் அழைப்பு. போனோவில், அதாவது போன் வழியாகப் போகும் நேரலையில், பெயரைச் சொல்லிவிட்டேன். ரெண்டே நிமிடத்தில் அது ஸ்க்ரோலில் ஓடியது. எங்கள் ஊர்களில் ஒரே பெயரில், ஒரே இனிஷியலில் ஒரு தெருவுக்கு மூணு பேர் இருப்பார்கள். பட்டப்பெயரும் தகப்பன் பெயரும் சேர்த்தால்தான் ஆள் யார் என்று தெரியும். நான் சொன்ன பெயருக்கு உரியவர் வேறு படகில் தொழிலுக்குப் போயிருந்தார். தங்கச்சிமடத்தில் அவர் அம்மா டிவியைப் பார்த்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டு வாசலில் சாமியானாக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். விடியற்காலை மகன் ஐஸ் பெட்டியோடு கரையேறி வந்தார். உண்மையில் காணாமல் போனவரின் மனைவி அதுவரை, தன் வீட்டுக்கு ஒன்றுமில்லை என்று நம்பி, அந்த வீட்டில் ஆறுதல் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சேனல் ஸ்க்ரோலை எடுத்துவிட்டது. திருத்தம் எதுவும் போடவில்லை. ஒரு வாரம் கழித்து அந்த அம்மாவிடம் போய் நின்றேன். அவர் திட்டவில்லை. "தம்பி, நீ வாசல்ல வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்றார்.

பர்காவை அதிகம் வாட்டியது மும்பை அல்ல, நீரா ராடியா உரையாடல்கள். 2009 மே மாதம் மத்திய அமைச்சரவை அமைந்தபோது, திமுகவில் யார் யாருக்கு என்ன துறை என்ற இழுபறி நடந்தது. அந்த நாட்களில் தொழில் நிறுவனங்களுக்காகப் பேசிய ராடியாவோடு பர்கா பேசிய ஒலிப்பதிவை 2010 நவம்பரில் ஓபன், அவுட்லுக் பத்திரிகைகள் வெளியிட்டன. தமிழ்நாட்டு அமைச்சர்கள் பற்றிய பேச்சு என்பதால் துறைமுக டீக்கடை வரை அதே கதை. செய்தி திரட்டத்தான் பேசினேன், யாருக்கும் தூது போகவில்லை, பேசிய விதம் கணிப்புப் பிழை என்றார் பர்கா. அந்த நவம்பர் 30ஆம் தேதி தன் சேனலிலேயே, ஓபன் ஆசிரியர் உட்பட மூத்த பத்திரிகையாளர்களின் கேள்விக்கு முன் உட்கார்ந்தார். ராடியா உரையாடல்களில் குற்றம் எதுவும் காணப்படவில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றத்தில் சிபிஐ சொன்னது. குற்றமில்லை என்பது வேறு, தொழில் சுத்தம் வேறு என்றுதான் நான் நினைக்கிறேன். ஏனென்றால் அந்தப் படிக்கட்டில் நானும் கால் வைத்திருக்கிறேன்.

ஒரு வேலைநிறுத்தத்தின்போது சங்கத்துத் தலைவர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நாங்க எறங்கி வர்றோம்னு அதிகாரிகிட்ட காதுல போட்டு வைங்க தம்பி, நாங்களா சொன்னா மரியாதை போயிரும்" என்றார். நான் போட்டேன். ரெண்டு நாளில் படகுகள் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போயின. பெருமையாக இருந்தது. அடுத்த மாதம் அதே அதிகாரியிடம் டீசல் மானியம் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நம்ம ஆள் என்கிற சிரிப்பு அது. கேள்வி என் தொண்டையிலேயே நின்றுவிட்டது. செய்தி சொல்கிறவன் சேதி கொண்டுபோனால் இப்படித்தான் ஆகும். கிட்டே போகிற அதே கால்தான் அந்தப் பக்கம் தாண்டியும் போய்விடுகிறது.

2017இல் பர்கா என்டிடிவியை விட்டார். 2020 ஊரடங்கில் சின்னக் குழுவோடு சாலை வழியே, ஊர் திரும்பிய தொழிலாளர்களோடு பயணம் செய்து செய்தி தந்தார். 2021இல் அவர் அப்பா கொரோனாவில் இறந்தார். அப்போது வேறு நிருபர்கள் கேட்க, அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். குரல் உடைந்த இடங்களில் எனக்கு அந்த சாமியானாக் கம்பு ஞாபகம் வந்தது.

போன வாரமும் நெடுந்தீவு பக்கம் இலங்கைக் கடற்படை ஒரு படகைப் பிடித்துவிட்டது. ராத்திரி வாட்ஸப்பில் ஏழு பெயர் வந்தது. டெஸ்க் ரெண்டு தடவை கூப்பிட்டது, எடுக்கவில்லை. தங்கச்சிமடம் அம்மாவுக்குப் போன் போட்டேன். இப்போதெல்லாம் எந்த ராத்திரியும் அவர் எடுப்பார். வீட்டுக்காரர்களுக்கு அவரே நடந்துபோய்ச் சொல்வார்.

"சொல்லு தம்பி, ஒவ்வொண்ணா சொல்லு."

மூணாவது பெயரில் நிறுத்தச் சொன்னார்.

"அவன் தகப்பன் பேரு என்ன போட்டிருக்கு?"